ஒட்டாத பனோரமா: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தஞ்சைப் பெரிய கோயில் திருச்சுற்றின் ஒரு மூலையில் நின்று இடமிருந்து வலமாக எட்டுப் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் அவற்றை ஒரே அகலப் படமாக, அதாவது பனோரமாவாக, ஒட்டிப் பார்த்தால் விமானம் கம்பீரமாக நிற்கிறது. பக்கவாட்டில் திருச்சுற்று மாளிகையின் தூண் ஒன்று மட்டும் இடுப்பில் முறிந்து நிற்கிறது. சில வருடங்களாக இதே கோளாறை வேறு வேறு படங்களில் பார்த்து வருகிறேன். என் படங்கள், உறவினர்கள் கொண்டுவரும் மண்டபப் படங்கள், இடிக்கப்போகும் பழைய வீட்டின் முற்றம் என்று எதுவானாலும் காரணங்கள் ஒரு பத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றை அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

நான் பயன்படுத்துவது ஹுகின் என்ற இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு மெனுவின் பெயர்கள்தான் மாறும், கோளாறுகள் மாறா. ஹுகினைத் திறந்ததும் வருவது எளிய முகப்பு. இன்டர்ஃபேஸ் மெனுவில் அதை ‘அட்வான்ஸ்டு’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் பாதி விஷயங்கள் எளிய முகப்பில் கண்ணுக்கே தெரியாது.

ஒரு பழக்கத்தை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் புள்ளிகளைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் படங்களில் ஒரே இடம் எது என்று மென்பொருள் குறித்துவைக்கும் ஜோடிகள்தான் கன்ட்ரோல் பாயின்ட். எஃப்3 விசையைத் தட்டினால் அவற்றின் பட்டியல் வரும். அதைப் பார்க்காமல் மற்ற அளவுகளைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் ஒரு முழு மாலையையும் வீணாக்குவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

## படங்கள் சேரவே இல்லை, அல்லது ஒரு படம் தனியே நிற்கிறது

மூலப் படமா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எக்ஸிஃப் விவரங்கள் (குவியத்தூரம் போன்று, கேமரா படத்தோடு சேர்த்து எழுதிவைப்பவை) இருக்காது, படமும் சுருங்கியிருக்கும். விவரம் இல்லாவிட்டால் படத்தின் கோண அகலத்தை ஹுகின் உங்களிடமே கேட்கும். அங்கே தோராயமாக எதையாவது போட்டால் கடைசி வரை எதுவும் சரியாக அமையாது. படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கேபிள் போட்டு எடுங்கள். எக்ஸிஃப் போனதுதான் போனது, வேறு வழியே இல்லை என்றால், அந்த ஃபோனின் பிரதான லென்ஸ் 35 மி.மீ. கணக்கில் எத்தனை என்று தேடி அந்த எண்ணைக் கொடுங்கள். பல ஃபோன்களில் அது 24க்கும் 27க்கும் இடையில் இருக்கும்.

லென்ஸ் மாறியிருக்கிறதா? கிட்டே ஏதாவது வந்தால் சில ஃபோன்கள் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்குத் தாவிவிடும். எட்டுப் படத்தில் ஏழு ஒரு லென்ஸ், ஒன்று வேறு லென்ஸ் என்றால் அந்த ஒன்றுதான் தனியே நிற்கும். ஃபோட்டோஸ் பக்கத்தில் குவியத்தூரத்தை வரிசையாகப் பாருங்கள். மாறியிருந்தால் அந்தப் படத்துக்கு மட்டும் ‘நியூ லென்ஸ்’ கொடுங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

ஒரு படம் அடுத்த படத்தின்மேல் எவ்வளவு படிகிறது? மூன்றில் ஒரு பங்கு படிய வேண்டும். ஒரு கணக்கு சொல்கிறேன். 26 மி.மீ. லென்ஸ் உள்ள ஃபோனைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒரு படம் சுமார் 50 பாகை அகலம் பிடிக்கும். 30 விழுக்காடு படிய வேண்டுமென்றால் படத்துக்குப் படம் 35 பாகைதான் திரும்பலாம். அப்படியானால் முழு வட்டத்துக்குப் பதினோரு படம் வேண்டும். எட்டுப் படத்தோடு முடித்தவர்களிடம் படிவது வெறும் பத்து விழுக்காடுதான் இருக்கும்.

பிடிமானம் இல்லாத காட்சியா? கடல், மேகமில்லாத வானம், புதிதாக வெள்ளையடித்த சுவர் ஆகியவற்றில் மென்பொருளுக்குக் குறிக்க எதுவும் இல்லை. மேகம் இருந்தால் இன்னும் மோசம். மேகத்தைக் குறித்துவிடும், அடுத்த படத்துக்குள் மேகம் நகர்ந்திருக்கும். மேகத்தில் விழுந்த புள்ளிகளை நீக்க ஹுகினில் செலஸ்ட் என்ற வசதி இருக்கிறது. முதலில் அதை ஓட்டுங்கள். பிறகு கன்ட்ரோல் பாயின்ட் பக்கத்துக்குப் போய் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கையால் நான்கைந்து ஜோடி குறியுங்கள். ஒரே மூலையில் கும்பலாகக் குறிக்காமல் படியும் பகுதியின் மேல், நடு, கீழ் என்று பரப்பிக் குறிக்க வேண்டும்.

கையால் குறிக்கவே பொது இடம் எதுவும் கண்ணில் படவில்லையா? அப்படியென்றால் அந்த இடைவெளியை நீங்கள் படம் எடுக்கவே இல்லை. திரும்பப் போய் எடுப்பதுதான் வழி.

## சேர்ந்துவிட்டது, ஆனால் தூணோ சுவர்க்கோடோ முறிந்து நிற்கிறது

அதிகம் பேர் கொண்டுவருவது இதைத்தான். முறிவு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் காரணம் பாதி தெரிந்துவிடும். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, தூரத்தில் உள்ளவை சேர்ந்திருக்கின்றனவா, கிட்டே உள்ளவை சேர்ந்திருக்கின்றனவா என்று தனித்தனியாகப் பாருங்கள்.

### தூரத்திலும் முறிவு, கிட்டேயும் முறிவு

பொய்ப் புள்ளிகள் புகுந்திருக்கும். வரிசைத் தூண்கள், கைப்பிடிக் கம்பிகள், ஓடுகள், ஒரே மாதிரி ஜன்னல்கள் உள்ள அடுக்குமாடி ஆகிய இடங்களில் மென்பொருள் மூன்றாம் தூணையும் நான்காம் தூணையும் ஒன்றென்று நம்பிவிடும். எஃப்3 பட்டியலில் ‘டிஸ்டன்ஸ்’ (ஜோடிப் புள்ளிகள் எத்தனை பிக்சல் விலகி நிற்கின்றன என்ற எண்) தலைப்பைத் தட்டி, பெரிய எண் மேலே வரும்படி அடுக்குங்கள். மற்றவை இரண்டு, மூன்று என்று இருக்கும்போது ஒன்று மட்டும் 80, 120 என்று நின்றால் அதைத் திறந்து கண்ணால் பாருங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு தூண் என்றால் அழித்துவிட்டு மீண்டும் ஆப்டிமைஸ் செய்யுங்கள், அதாவது மீதிப் புள்ளிகளை வைத்துப் படங்களை மறுபடி பொருத்தச் சொல்லுங்கள்.

சராசரி மூன்றுக்குக் கீழே வந்துவிட்டால் நான் புள்ளிகளை விட்டுவிடுவேன். ஆனால் எண் சிறியதாக இருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு ஒட்டில் (இரண்டு படம் சேரும் இடத்தில்) இரண்டே புள்ளி இருந்தால் சராசரி பிரமாதமாகத்தான் காட்டும், தூண் மட்டும் முறிந்தே இருக்கும். ஒவ்வொரு ஜோடிப் படத்துக்கும் எத்தனை புள்ளி, அவை எங்கெங்கே பரவியிருக்கின்றன என்றும் பாருங்கள்.

புள்ளிகள் எல்லாம் மெய்யாகவே பொருந்துகின்றன, சராசரி மட்டும் எட்டு, பத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம் லென்ஸின் வளைவு. ஜியோமெட்ரிக் பட்டியலில் ‘பொசிஷன்ஸ்’ என்று இருப்பதைப் ‘பொசிஷன்ஸ், வியூ அண்ட் பேரல்’ என்று மாற்றுங்கள். அகலக்கோண லென்ஸில் இந்த ஒரு மாற்றமே பாதி முறிவுகளைத் தீர்த்துவிடும். இரண்டு மூன்று படம் மட்டும் உள்ள சிறு பனோரமாவில் ‘வியூ’வைத் தொடாமல் ‘பேரல்’ மட்டும் சேர்ப்பது பாதுகாப்பு. படங்கள் குறைவாக இருந்தால் கோண அகலத்தை மென்பொருள் தன் இஷ்டத்துக்கு ஊகித்துவிடும். ‘எவ்ரிதிங்’ என்று இருப்பதை அவசரப்பட்டு முதலில் தேர்ந்தெடுக்க வேண்டாம். நிறையப் புள்ளிகள் பரவலாக இருந்தால்தான் அது நல்லது செய்யும்.

### தூரம் சரி, கிட்டே உள்ளவை மட்டும் முறிகின்றன

பள்ளிப் பாடத்தில் படித்த இடமாறு தோற்றப் பிழை இது. படத்துக்குப் படம் கேமரா இடம் நகர்ந்திருக்கிறது. அளவைச் சொன்னால் இதன் கடுமை புரியும். மேலே சொன்ன ஃபோனைச் செங்குத்தாகப் பிடித்து 3,000 பிக்சல் அகலப் படம் எடுக்கிறீர்கள். இரண்டு படங்களுக்கிடையே லென்ஸ் 5 செ.மீ. நகர்ந்தால், 50 மீட்டரில் உள்ள கோபுரம் மூன்று பிக்சல் தள்ளும், யாருக்கும் தெரியாது. ஒரு மீட்டரில் உள்ள தூண் சுமார் 160 பிக்சல் தள்ளும். ஃபோனைக் கை நீட்டிப் பிடித்து உடம்போடு சுற்றுபவர்களுக்கு லென்ஸ் நகர்வது 5 செ.மீ. அல்ல, அதைப் போலப் பல மடங்கு.

எடுத்து முடித்த படத்தில் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது, மறைக்கத்தான் முடியும். ஆனால் நன்றாகவே மறைக்கலாம். முதலில் எதைச் சேர்ப்பது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். தரையில், கிட்டே உள்ள தூணில் விழுந்த புள்ளிகளை அழித்துவிட்டு, தூரத்தில் உள்ளவற்றை மட்டும் வைத்து ஆப்டிமைஸ் செய்யுங்கள். தூரம் கச்சிதமாக அமைந்துவிடும். பிறகு, படத்தின் எந்தப் பகுதி வேண்டும், எது வேண்டாம் என்று வரைந்து காட்டும் மாஸ்க் பக்கத்துக்குப் போய், ஒட்டு எந்த வழியாக ஓட வேண்டும் என்று வற்புறுத்துங்கள். தூண் இரண்டு படத்திலும் இருக்கிறது என்றால், ஒரு படத்தில் தூணைச் சுற்றி ‘இன்க்லூட் ரீஜன்’ வரையுங்கள். தூண் முழுதும் அந்த ஒரே படத்திலிருந்து வரும், முறிவு அதன் பக்கத்துச் சுவருக்குத் தள்ளிப்போகும். மரம், புல், காரை பெயர்ந்த சுவர், ஓட்டுக்கூரை ஆகியவற்றில் ஒட்டு விழுந்தால் கண் பிடிக்காது. நேர்க்கோட்டில் விழுந்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

ஒரு முற்றத்து வீட்டை இடிப்பதற்கு முந்தைய நாள் அந்த வீட்டுப் பெரியம்மா தன் ஃபோனில் ஒன்பது படம் எடுத்து வைத்திருந்தார். நடு முற்றத்தில் நின்று சுற்றிச் சுற்றி எடுத்தது. நான்கு மரத்தூண்களும் இரண்டு கை தூரத்தில் இருந்ததால் நான்கும் முறிந்தன. திரும்ப எடுக்க வீடு இல்லை. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு படம் என்று ஒதுக்கி, ஒட்டுகளைத் தூண்களுக்கு இடையே இருந்த சுண்ணாம்புச் சுவரில் இறக்கினேன். இரண்டு இரவு ஆனது. தரையின் சிவப்பு ஆக்சைடில் ஒரு கோடு இன்னும் இரண்டு விரல் அகலம் விலகித்தான் இருக்கிறது. நான்கு தூணும் முழுசாக நிற்கின்றன. அந்த மாதிரிப் படங்களுக்கு இந்த உழைப்பு தகும் என்பது என் உறுதியான எண்ணம்.

திரும்ப எடுக்க முடிகிற இடமா? அப்படியானால் மாஸ்க்கில் மெனக்கெட வேண்டாம். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு போதும். ஒரு நூலின் நுனியில் நட்டோ சிறு எடையோ கட்டி, மறு நுனியை லென்ஸ் இருக்கும் இடத்துக்கு நேர்கீழே தொங்குமாறு ஒட்டுங்கள். தரையில் ஒரு காசு வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் குண்டு காசுக்கு மேலேயே நிற்க வேண்டும். நீங்கள்தான் ஃபோனைச் சுற்றி நடக்க வேண்டும், ஃபோன் உங்களைச் சுற்றி வரக் கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். அந்த இடங்களில் இந்த நூல்தான் எனக்குத் துணை.

லென்ஸ் மாற்றும் பெரிய கேமராவில் சுழலும் மையம் லென்ஸுக்குள் எங்கோ இருக்கும். கண்டுபிடிக்க, ஜன்னல் கம்பி ஒன்றைக் கிட்டேயும் மின்கம்பம் ஒன்றைத் தூரத்திலும் ஒரே நேரில் வையுங்கள். கேமராவை இடமும் வலமுமாகத் திருப்பிப் பாருங்கள். கம்பி மின்கம்பத்தைவிட்டு விலகினால் கேமராவைச் சற்று முன்னே அல்லது பின்னே தள்ளி மீண்டும் திருப்புங்கள். விலகாத இடம் கிடைத்ததும் ட்ரைபாடின் தகட்டில் பென்சிலால் கோடு போட்டுவையுங்கள். இதையே நிரந்தரமாகச் செய்து தரும் பனோரமா ஹெட் கடையில் கிடைக்கும். மாதத்துக்கு ஒருமுறையாவது மண்டபத்துக்குள்ளோ வீட்டுக்குள்ளோ படம் எடுப்பவர் என்றால்தான் வாங்குங்கள். மலை, ஏரி, வயல் மட்டும் எடுப்பவருக்கு அது தேவையே இல்லை.

### ஒரே ஓர் ஒட்டில் மட்டும் முறிவு

அந்த இடத்தில் உங்கள் கால் நகர்ந்திருக்கும், அல்லது அந்த ஒரு படம் ஆடிப்போயிருக்கும். அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றவை இடைவெளியின்றிச் சேர்கின்றனவா என்று பாருங்கள். தாராளமாகப் படியும்படி எடுத்திருந்தால் சேர்ந்துவிடும். பதினொன்று போதும் என்றாலும் நான் பதினைந்து எடுப்பது இதற்காகத்தான்.

## ஆள் பாதியாக, அல்லது ஒரே ஆள் இரண்டு இடத்தில்

ஒட்டு ஓடிய இடத்தில் ஆள் நடந்திருக்கிறார். மாஸ்க் பக்கத்தில் அவர் பாதியாகத் தெரியும் படத்தில் ‘எக்ஸ்க்லூட் ரீஜன்’ வரைந்து அவரை விலக்குங்கள். அந்த இடம் அடுத்த படத்திலும் இருந்தால்தான் இது நடக்கும், இல்லாவிட்டால் கறுப்பு ஓட்டை விழும். கூட்டமான இடத்தில் ஒவ்வொரு கோணத்திலும் நிதானமாக இரண்டு மூன்று படம் எடுத்துக்கொண்டால் வீட்டில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கொடி, தென்னை ஓலை, அலை இவற்றுக்கும் இதே வைத்தியம்.

## தொடுவானம் வாழைப்பழம் போல வளைகிறது

முன்னோட்டச் சாளரத்தில் ‘ஸ்ட்ரெய்ட்டன்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். பத்தில் ஏழு முறை வேலை அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் செங்குத்துக் கோடுகளை நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டும். கன்ட்ரோல் பாயின்ட் பக்கத்தில் இடம் வலம் இரண்டிலும் ஒரே படத்தைத் திறந்து, ஒரு கட்டடத்தின் விளிம்பில் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி குறித்து, வகையை ‘வெர்ட்டிகல் லைன்’ ஆக்குங்கள். பனோரமாவின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று குறைந்தது மூன்று இடங்களில் வேண்டும். கிட்டக்கிட்ட உள்ள இரண்டு கோடுகள் உதவாது. பிறகு ஆப்டிமைஸ்.

கடற்கரையில் கட்டடம் இருக்காது. அங்கே தொடுவானத்தையே ‘ஹரிசான்டல் லைன்’ ஆகக் குறிக்கலாம், ஆனால் உண்மையான கடல் தொடுவானமாக இருக்க வேண்டும். மலையடிவாரத்தையும் வளைந்த ஏரிக்கரையையும் தொடுவானம் என்று குறித்துவிட்டு, படம் சரிந்துபோனதாக வந்தவர்கள் உண்டு.

## ஓரங்கள் இழுபட்டு, ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகிறார்கள்

இங்கே பிழை எதுவும் இல்லை, ப்ராஜெக்‌ஷன் தேர்வுதான் (சுற்றியுள்ள காட்சியைத் தட்டையான படமாக விரிக்கும் முறை) தவறு. ‘ரெக்டிலீனியர்’ என்று இருந்தால் நேர்க்கோடுகள் நேராகவே இருக்கும், ஆனால் 100 பாகைக்கு மேல் போனால் ஓரங்கள் கோரமாக இழுபடும். அகலமான படத்துக்கு ‘சிலிண்ட்ரிகல்’ போடுங்கள். தெரு, நீண்ட பிராகாரம் போல நடுவில் கோடுகள் ஒடுங்கிப்போகும் காட்சிக்கு ‘பானினி’ மிக அழகாக வரும். முழு 360 பாகைக்கு ‘ஈக்விரெக்டாங்குலர்’. நான்கையும் ஒரு நிமிடத்தில் முன்னோட்டத்திலேயே மாற்றிப் பார்க்கலாம்.

## வானத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறுகிறது

ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தானே வெளிச்சத்தை அளந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். ஃபோட்டோமெட்ரிக் பட்டியலில் ‘லோ டைனமிக் ரேஞ்ச்’ தேர்ந்தெடுத்து ஆப்டிமைஸ் செய்யுங்கள். ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது நீலமாகவும் இருந்தால் ‘வேரியபிள் ஒயிட் பேலன்ஸ்’ சேர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். புள்ளிகளைச் சரிசெய்த பிறகே இதைச் செய்ய வேண்டும். படங்கள் பொருந்தாத நிலையில் நிறத்தை ஒப்பிடச் சொன்னால் மென்பொருள் சுவரையும் வானத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்த முறைக்கு: ஃபோன் திரையை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். பெரிய கேமராவில் மேனுவல். ஃபோகஸைப் பூட்டுவதும் முக்கியம், ஃபோகஸ் மாறினால் பல லென்ஸ்களில் படத்தின் அளவே லேசாக மாறும்.

போலரைசர் ஃபில்டர் போட்டு எடுத்தீர்களா? சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானம் மட்டும் கறுத்துப் பெரிய திட்டாகத் தெரியும். அதற்கு ஹுகினில் வைத்தியம் இல்லை. பனோரமாவுக்கு அந்த ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள்.

## வானத்தில் ஒரே புள்ளி சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது

லென்ஸ் மாற்றும் கேமராக்களில் வரும் அறிகுறி. சென்சாரில் தூசு. தனிப் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள், பனோரமாவில் பறவை வரிசை போலத் தெரியும். கேமரா மெனுவில் சென்சார் கிளீனிங் இருந்தால் ஓட்டுங்கள். பிறகு ரப்பர் ஊதுகுழலால், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், துணியால் தொடாதீர்கள். அதற்கும் போகாவிட்டால் சர்வீஸ் சென்டர்தான். சென்சாரில் கீறல் விழுந்தால் அந்தச் செலவு சுத்தம் செய்யும் கூலியைப் போலப் பல மடங்கு.

சர்வீஸுக்குப் போக வேண்டிய இன்னொரு அறிகுறியும் உண்டு. எல்லாப் படத்திலும் ஒரே பக்க ஓரம் மட்டும் மங்கல், மறுபக்க ஓரம் கூர்மை. அப்போது ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் புகை என்று தெரியும். ஒரு செங்கல் சுவரை நேராக நின்று எடுங்கள், பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுங்கள். மங்கல் சுவரின் மறுபக்கத்துக்குத் தாவினால் லென்ஸுக்குள் கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ்களில் அதிகம். வீட்டில் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

## எல்லாம் சரி, கடைசியில் படம் எழுதும்போது நின்றுபோகிறது

இடம். தற்காலிகக் கோப்புகள் போகும் டிரைவில் எத்தனை ஜிபி காலி என்று பாருங்கள். ப்ரிஃபரன்சஸில் அந்தக் கோப்புறையை வேறு டிரைவுக்கு மாற்றலாம். கூடவே படங்களை எளிய ஆங்கிலப் பெயருள்ள கோப்புறைக்கு நகர்த்திவிட்டு ஒருமுறை முயலுங்கள், காசில்லாத சோதனை.

அளவு. 20,000க்கு 10,000 பிக்சல் படம் என்றால் 20 கோடி பிக்சல். 16 பிட்டில், ஒளிபுகு அடுக்கோடு சேர்த்து, அது மட்டுமே 1.6 ஜிபி. ஒட்டும்போது இதைப் போலச் சில மடங்கு நினைவகம் தேவைப்படும். ஸ்டிட்ச்சர் பக்கத்தில் அகலத்தை 70 விழுக்காடாகக் குறையுங்கள், பிக்சல்கள் பாதியாகிவிடும், அச்சில் வித்தியாசம் தெரியாது. ஜேபெக் என்றால் ஒரு பக்கம் 65,535 பிக்சலைத் தாண்ட முடியாது, அதற்கு மேல் டிஃப்தான்.

படங்கள் அளவுக்கு மீறிப் படிகின்றனவா? ஒட்டும் நிரல் என்பிளெண்ட் ‘எக்செஸிவ் ஓவர்லாப்’ என்று சொல்லி நின்றால், கிட்டத்தட்ட ஒரே கோணத்தில் எடுத்த இரண்டு படம் உள்ளே இருக்கிறது. ஒன்றை எடுத்துவிடுங்கள்.

ரேம் வாங்குவது கடைசி. அதற்கு முன் அதே கோப்பை ரேம் அதிகமுள்ள நண்பரின் கணினியில் ஒருமுறை ஓட்டுங்கள். அங்கேயும் நின்றால் கோளாறு ரேமில் இல்லை, காசு மிச்சம்.

ஒட்டிய படத்தை வைத்துச் சுவரின் நீளத்தையோ சிற்பத்தின் உயரத்தையோ அளக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், கோயில் திருப்பணிக்கு வரைபடம் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு, அந்த இடத்தில் நான் நிறுத்திக்கொள்வேன். பனோரமாவில் தூரத்துக்குத் தூரம் அளவுகோல் மாறும். அந்த வேலைக்கு ஃபோட்டோகிராமெட்ரி (படங்களிலிருந்து அளவெடுக்கும் முறை) தெரிந்த சர்வேயரைக் கூப்பிடுங்கள், அவர் சொல்லும் முறையில் முதலிலிருந்து படம் எடுக்க வேண்டியிருக்கும்.